கியர்ப்பெட்டி எண்ணெய்: உராய்வின் இருமுகமும் தொழிலறிவும்

1. முன்னுரை

மோட்டார் வண்டியொன்றின் உறுப்புகளுள் அதன் உரிமையாளரால் எளிதில் மறக்கப்படுவது கியர்ப்பெட்டியினுள் இருக்கும் எண்ணெயாகும். எஞ்சின் எண்ணெயைக் காலந்தவறாது மாற்றவேண்டும் என்பதை வண்டி ஓட்டத் தெரியாதவர்களும் அறிவர். அதன் அளவைப் பார்ப்பதற்கு அளவுகோல் ஒன்று உண்டு. அமுக்கம் குறைந்தால் எச்சரிப்பதற்குச் சிவப்பு விளக்கு ஒன்றும் உண்டு. கியர்ப்பெட்டிக்கோ பெரும்பாலான கார்களில் இவ்விரண்டும் இல்லை. அதன் எண்ணெய் எரிவதில்லை. ஒழுக்கு இல்லாதவிடத்துக் குறைவதுமில்லை. எனவே அது என்றென்றைக்கும் போதுமானது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிடுகின்றது. பற்கள் அரைபடும் ஓசை கேட்கத் தொடங்கும்போதே அவ்வெண்ணெய் நினைவுக்கு வருகின்றது. அப்போது செய்யவேண்டியது எண்ணெய் மாற்றமன்று, கியர்ப்பெட்டி மாற்றமாகும்.

இலங்கையில் இது தனிமனித அக்கறையோடு முடிந்துவிடும் விடயமன்று. 1970 முதல் 1977 வரை நடைமுறையிலிருந்த கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடுகளும், 2020ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்டுத் தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் வரை நீடித்த இறக்குமதித் தடையும் ஓர் உண்மையை நமக்கு உணர்த்தின. அந்நியச் செலாவணி அருகிய நாட்டில், இருக்கின்ற பொறியை நீண்டகாலம் வாழவைப்பதும் உற்பத்திக்கு ஒப்பான செயலே என்பதே அவ்வுண்மை. செல்வந்த நாடுகளும் இதனை உணராமலில்லை. 1966ஆம் ஆண்டிற் பிரித்தானிய அரசாங்கத்துக்குப் பீற்றர் யோஸ்ற் தலைமையிலான குழு சமர்ப்பித்த அறிக்கை, உராய்வு, தேய்வு, எண்ணெயிடுதல் ஆகியவை பற்றிய அறிவைச் செம்மையாகப் பயன்படுத்தினால் அந்நாட்டுக் கைத்தொழில் ஆண்டொன்றுக்கு 515 மில்லியன் பவுணைச் சேமிக்கலாம் என மதிப்பிட்டது. இவை மூன்றையும் ஒருங்கே ஆராயும் துறைக்குத் தனிப்பெயர் வழங்கப்பட்டதும் அவ்வறிக்கையிலேயே ஆகும்.

கையாற் கியர் மாற்றும் காரொன்றின் கியர்ப்பெட்டி எண்ணெயை வீட்டிலேயே மாற்றும் முறையை விளக்குவதும், அம்முறையின் ஒவ்வொரு படிக்கும் அடிப்படையான காரணத்தை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். தானியங்கிக் கியர்ப்பெட்டி வேறொரு தத்துவத்தில் இயங்குவது. இங்கு கூறப்படுவன அதற்குப் பொருந்தா. நமது நாட்டில் நன்கறியப்பட்ட மொறிஸ் மைனர் 1000 வண்டியை முதன்மை உதாரணமாகக் கொண்டு, பிற்கால வண்டிகளை அதனோடு ஒப்புநோக்கிச் செல்வோம்.

2. கியர்ப்பெட்டியின் தொழில்

பெற்றோல் எஞ்சின் ஒன்று குறிப்பிட்ட வேக எல்லைக்குள் மாத்திரமே பயனுள்ள முறுக்கத்தைத் தரவல்லது. நிற்கும் வண்டியை நகர்த்துவதற்கும் ஏற்றத்தில் ஏறுவதற்கும் பெரிய முறுக்கம் வேண்டும். சமதரையில் விரைந்து செல்வதற்குச் சில்லுகளின் வேகம் வேண்டும். இவ்விரு தேவைகளையும் ஒரே எஞ்சினைக் கொண்டு நிறைவேற்றுவதற்காகவே வெவ்வேறு பல்லெண்ணிக்கையுள்ள பற்சில்லுச் சோடிகள் ஒரு பெட்டியினுள் அடுக்கப்படுகின்றன. வேகத்தை இழந்து முறுக்கத்தைப் பெறுவதும், முறுக்கத்தை இழந்து வேகத்தைப் பெறுவதுமே அங்கு நிகழ்வன.

தொடக்ககால வண்டிகளிற் பற்சில்லுகளே அச்சின் வழியே நகர்த்தப்பட்டு ஒன்றோடொன்று பொருத்தப்பட்டன. வெவ்வேறு வேகத்திற் சுழலும் பற்கள் மோதும்போது எழும் ஓசையைத் தவிர்ப்பது சாரதியின் திறமையிலேயே தங்கியிருந்தது. பின்னர், முன்செல்லும் கியர்களின் பற்சில்லுகள் யாவும் எப்பொழுதும் கவ்வியவாறே இருக்க, தேவையான சோடியை மட்டும் அச்சோடு பிணைக்கும் முறை வழக்குக்கு வந்தது. பிணைக்கும் முன்னர் இரு பகுதிகளின் வேகத்தையும் சமப்படுத்தும் பொறியமைப்பை 1928ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடிலாக் கார்கள் முதன்முதலிற் கொண்டிருந்தன. ஆங்கிலத்தில் சிங்குறோமெஷ் எனப்படும் இதனை நாம் வேகவொப்பு அமைப்பு எனக் குறிப்பிடலாம்.

மொறிஸ் மைனரின் நான்கு முன்கியர்களுள் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்கு மாத்திரமே இவ்வமைப்பு உண்டு. முதலாம் கியருக்கு இல்லை. வண்டி முற்றாக நின்ற பின்னரே முதலாம் கியரைப் போடவேண்டும் என அவ்வண்டிக்காரர் கூறுவதன் காரணம் இதுவேயாகும்.

வேகவொப்பு அமைப்பின் இதயமாக விளங்குவது கூம்பு வடிவான உட்பரப்புடைய ஒரு வளையம். பெரும்பாலும் இது பித்தளை போன்ற செப்புக் கலப்புலோகத்தால் ஆனது. சாரதி கியர்த்தடியைத் தள்ளும்போது இவ்வளையம் பற்சில்லின் உருக்குக் கூம்பின்மீது அழுத்தப்படுகின்றது. இரண்டுக்குமிடையே எழும் உராய்வு, வேகமாகச் சுழல்வதைத் தடுத்தும் மெதுவாகச் சுழல்வதை இழுத்தும் இரண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகின்றது. அதன் பின்னரே பற்கள் ஓசையின்றிப் பொருந்துகின்றன. சுருங்கக் கூறின், இவ்வளையம் விநாடியின் ஒரு பகுதி நேரம் மட்டும் தொழிற்படும் ஒரு சிறிய தடுப்புக் கருவியாகும்.

3. எண்ணெயின் முரண்பட்ட கடமைகள்

இங்கேதான் கியர்ப்பெட்டி எண்ணெயின் தனித்தன்மை வெளிப்படுகின்றது. எண்ணெயின் தொழில் உராய்வை நீக்குவது என்றே நாம் பொதுவாகக் கருதுகின்றோம். உராய்வு நீக்கி என்ற பெயரும் அதனையே குறிக்கின்றது. ஆனால் கியர்ப்பெட்டியினுள் உராய்வு பகையாகவும் துணையாகவும் ஒரே வேளையில் இருக்கின்றது.

பற்கள் ஒன்றையொன்று தள்ளும் இடத்தில் உராய்வு பகை. இரு பற்கள் தொடும் பரப்பு மிக ஒடுங்கிய கோடு போன்றது. எஞ்சினின் முழுச் சுமையும் அக்கோட்டினூடாகவே செல்வதால் அங்கு எழும் அமுக்கம் மிகப் பெரிது. அவ்வமுக்கத்திலும் கிழியாத எண்ணெய்ப் படலம் ஒன்று பற்களைப் பிரித்து வைத்திருத்தல் வேண்டும். இதற்குப் பாகுநிலை கூடிய, அதாவது தடித்த எண்ணெய் உகந்தது.

வேகவொப்பு வளையம் கூம்பைப் பற்றும் இடத்தில் உராய்வு துணை. அங்கு எண்ணெய்ப் படலம் கணப்பொழுதிற் கலைந்து விலகி, உலோகம் உலோகத்தைப் பற்றுவதற்கு இடங்கொடுத்தல் வேண்டும். வளையத்தின் உட்புறத்தே நுண்ணிய வரிகள் வெட்டப்பட்டிருப்பது இப்படலத்தைக் கிழிப்பதற்காகவே. எண்ணெய் அளவுக்கு மீறித் தடித்திருந்தாற் படலம் விரைவிற் கலையாது. கியர் கடினமாக விழும். நுவரெலியா போன்ற குளிரிடங்களிற் காலைவேளையில் இரண்டாம் கியர் விழ மறுப்பதன் காரணம் பெரும்பாலும் இதுவாகும். எண்ணெய் அளவுக்கு மீறி வழுக்குந்தன்மை உடையதாயின் வளையம் கூம்பைப் பற்றாது வழுகும். வேகங்கள் ஒப்பாகுமுன்னரே பற்கள் மோதும்.

ஆகவே கியர்ப்பெட்டிக்கு மிகச் சிறந்த எண்ணெய் என்பது மிகத் தடித்ததும் அன்று. மிக வழுக்குவதும் அன்று. மிக விலைகூடியதும் அன்று. ஒன்றுக்கொன்று முரணான இரு தேவைகளையும் அந்தக் குறிப்பிட்ட பெட்டியின் அமைப்புக்கேற்ப நிறைவேற்றுவதே சிறந்தது. இக்கட்டுரை வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே. எண்ணெய் தெரிவில் நிகழும் தவறுகளிற் பல இம்முரண்பாட்டின் ஒரு பக்கத்தை மட்டும் நோக்குவதால் எழுவனவாகும்.

4. எண்களும் வகைகளும்

எண்ணெய்க் கலனின்மேல் இருவகைக் குறியீடுகள் காணப்படும். முதலாவது பாகுநிலையைக் குறிக்கும் எஸ்.ஏ.ஈ. எண். எஞ்சின் எண்ணெய்க்கும் கியர் எண்ணெய்க்கும் இவ்வெண்கள் இருவேறு அளவுத்திட்டங்களில் வழங்கப்படுகின்றன என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கியர் எண்ணெயின் 90 என்னும் எண், எஞ்சின் எண்ணெயின் 30 என்பதைப்போல் மும்மடங்கு தடிப்பைக் குறிப்பதன்று. வெப்பமான நிலையில் 90ஆம் எண் கியர் எண்ணெய், 40 அல்லது 50ஆம் எண் எஞ்சின் எண்ணெயை அண்டிய பாகுநிலையையே கொண்டிருக்கும். இரு திட்டங்களின் எண்கள் ஒன்றோடொன்று மயங்கக்கூடாது என்பதற்காகவே அவை விலக்கி வைக்கப்பட்டன. 75டபிள்யூ-90 என்பதில் முதலெண் குளிர்நிலை நடத்தையையும் இரண்டாமெண் வெப்பநிலை நடத்தையையும் குறிக்கும்.

இரண்டாவது குறியீடு, எண்ணெயிற் கலக்கப்பட்டுள்ள இரசாயனச் சேர்க்கைகளின் வன்மையைக் காட்டும் ஏ.பி.ஐ. வகுப்பாகும். இன்று கடைகளிற் பெரிதும் காணப்படுவன ஜீ.எல்.4, ஜீ.எல்.5 என்னும் இரண்டும் ஆகும். ஐந்து நான்கிலும் பெரிது. எனவே ஐந்தே மேலானது என்று கருதுவது இயல்பு. ஆனால் இங்கு அவ்வாறன்று.

பின்சில்லு இயக்கமுள்ள வண்டிகளின் பின்னச்சில் ஹைப்பொயிட் எனப்படும் ஒருவகைப் பற்சில்லுகள் உள்ளன. இவற்றின் அச்சுகள் ஒன்றையொன்று வெட்டாது விலகி நிற்பதால், பற்கள் உருளுவதோடு நில்லாது நீளவாக்கிலும் கடுமையாக வழுகுகின்றன. இவ்வழுக்கலில் எண்ணெய்ப் படலம் மட்டும் காப்பளிக்காது. எனவே கந்தகமும் பொஸ்பரசும் கொண்ட சேர்வைகள் கலக்கப்படுகின்றன. வெப்பமும் அமுக்கமும் மிகுந்த இடத்தில் இவை உருக்குடன் தாக்கம்புரிந்து மெல்லிய படையொன்றை உண்டாக்கும். உலோகத்துக்குப் பதிலாக அப்படையே தேயும். இத்தகைய சேர்வைகளை மிகுதியாகக் கொண்டது ஜீ.எல்.5, ஏறத்தாழ அதன் அரைப்பங்கைக் கொண்டது ஜீ.எல்.4.

உருக்கைக் காக்கும் இதே கந்தகம் செப்புக் கலப்புலோகத்தைத் தாக்கவல்லது. பித்தளை வளையங்கள் கருமையடைந்து, அரிப்புற்று, நாளடைவிற் பற்றுந்தன்மையை இழந்துவிடும். தற்கால ஜீ.எல்.5 எண்ணெய்கள் சில இவ்வரிப்பைக் குறைக்கும் வகையில் ஆக்கப்பட்டுள்ளன. எனினும் வண்டியை ஆக்கியோர் அவ்வகையைக் குறிப்பிடாதவிடத்து அதனைக் கியர்ப்பெட்டிக்குப் பயன்படுத்தாமையே நன்று. குறுக்காக அமைந்த எஞ்சினுடைய முன்சில்லு இயக்கக் கார்களில் இறுதிப் பற்சில்லுகளும் கியர்ப்பெட்டியினுள்ளேயே உள்ளன. ஆயின் அவை ஹைப்பொயிட் வகையின அல்ல. எனவே அவற்றிற் பலவற்றுக்கு ஜீ.எல்.4 போதுமானது.

மொறிஸ் மைனர் 1000 இவ்விடயத்தில் நல்லதொரு பாடமாகும். அதன் பின்னச்சுக்கு ஹைப்பொயிட் கியர் எண்ணெய் வேண்டும். அதன் கியர்ப்பெட்டிக்கு விதிக்கப்பட்டதோ கியர் எண்ணெய் அன்று. எஞ்சினுக்கு இடும் அதே எண்ணெயாகும். அளவு இரண்டேகாற் பைந்து, அதாவது ஏறத்தாழ 1.3 லீற்றர். ஹொண்டா நிறுவனமும் தனது கையாற் கியர் மாற்றும் கார்களுக்கு நீண்டகாலம் எஞ்சின் எண்ணெயையே விதித்து வந்தது. 1959ஆம் ஆண்டில் வெளிவந்த மினி காரிற் கியர்ப்பெட்டி எஞ்சினின் அடியிலேயே அமைந்து இரண்டும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொண்டன. மைனரையும் மினியையும் வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் ஒருவரே. கியர்ப்பெட்டிக்குக் கியர் எண்ணெய் என்ற பெயர்ப்பொருத்தம் ஒரு விதியன்று என்பது இவற்றாற் புலனாகும்.

5. எண்ணெய் பழுதடைவது எவ்வாறு?

கியர்ப்பெட்டியினுள் தகனம் நிகழ்வதில்லை. எனவே எஞ்சின் எண்ணெயைக் கறுப்பாக்கும் புகைக்கரியும் எரிபொருட் கசிவும் அங்கு இல்லை. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒஸ்ரின் ஏ 40 போன்ற கார்கள் பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் ஓடியமை பலரும் அறிந்ததே. சிறிதளவு பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும்போது, முற்றாக எரியாத மண்ணெண்ணெய் ஆடுதண்டின் வளையங்களைக் கடந்து இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். கியர்ப்பெட்டி தனியறையாக இருந்த வண்டிகளில் இத்தீங்கு அங்கு சென்றடையவில்லை. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே எண்ணெயிற் குளிக்கும் மினி போன்ற வண்டியில் இப்பாதுகாப்பு இல்லை.

இருப்பினும் தனியறை என்பது அழியாத அறை அன்று. மூன்று காரணங்களாற் கியர்ப்பெட்டி எண்ணெய் பழுதடைகின்றது. முதலாவது, பற்களும் வளையங்களும் தேய்வதால் உண்டாகும் உலோகத்தூள். எஞ்சினுக்கு இருப்பதுபோல வடிகட்டி இங்கு பெரும்பாலும் இல்லாமையால், அத்தூள் எண்ணெயோடு சுழன்று மேலும் தேய்வை உண்டாக்கும். இரண்டாவது, பற்களின் இடையே நசுங்குவதால் எண்ணெயின் நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டுப் பாகுநிலை குன்றுதலும், வெப்பத்தால் எண்ணெய் ஒட்சியேற்றம் அடைதலும். மூன்றாவது, நீர். சூடான பெட்டி குளிரும்போது அதன் காற்றுத் துவாரத்தினூடாக ஈரக்காற்று உள்ளிழுக்கப்படும். வெள்ளத்தினூடாக ஓட்டப்பட்ட வண்டியில் நீரே நேராக உட்செல்லும்.

ஆக்கியோர் விதிக்கும் கால எல்லை வண்டிக்கு வண்டி வேறுபடும். பொதுவாக 40,000 முதல் 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுதல் தகும். நீரில் அமிழ்ந்த வண்டிக்கு இவ்வெல்லை செல்லாது. அதன் எண்ணெயை உடனடியாக மாற்றுதல் வேண்டும்.

6. மாற்றும் முறை

வேலைக்கு வேண்டியவை சில. துளைமூடிகளுக்குப் பொருத்தமான ஸ்பானர், வண்டியைத் தாங்கும் இரும்புத் தாங்கிகள், எண்ணெய் வடிவதற்கான அகன்ற பாத்திரம், புனலும் ஒரு முழ நீள இறப்பர்க் குழாயும், புதிய வாசர்கள், குறித்த அளவிலும் சற்றுக் கூடிய புதிய எண்ணெய் ஆகியன அவை.

முதலில் வண்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுதல் வேண்டும். வெதுவெதுப்பான எண்ணெய் எளிதில் வடியும். அடியிற் படிந்த தூளும் அதனோடு கலந்து வெளியேறும். கைசுடும் அளவுக்குச் சூடேற்றத் தேவையில்லை.

அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி உயர்த்துதல். ஜக்கின்மீது மட்டும் நிற்கும் வண்டியின் கீழ் எவரும் செல்லலாகாது. சீமெந்துக் கற்களையும் நம்புதல் கூடாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குவன. உறுதியான இரும்புத் தாங்கிகளே வேண்டும். அவை கிடைக்காதவிடத்து இவ்வேலையைக் கராச்சில் உள்ள குழியின்மீது செய்விப்பதே அறிவுடைமை. வண்டி முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்றல் அவசியம். சரிந்து நிற்கும் வண்டியின் எண்ணெய் மட்டம் பொய் கூறும்.

மூன்றாவதாக, நிரப்பு துளையின் மூடியை முதலிற் கழற்றுதல் வேண்டும். வடி துளையை அன்று. இவ்வொழுங்கின் காரணம் எளிது. பல ஆண்டுகள் தொடப்படாத மூடி துருவேறி இறுகியிருக்கலாம். எண்ணெயை வடித்த பின்னர் நிரப்பு துளை திறக்க மறுத்தால், எண்ணெயற்ற பெட்டியுடன் வண்டி நகரமுடியாது நின்றுவிடும். நிரப்பு துளை திறந்தது உறுதியான பின்னரே வடி துளையைத் திறத்தல் வேண்டும். மேல்துளை திறந்திருப்பதால் காற்று உட்சென்று எண்ணெய் தடையின்றி வடியும் என்பது இதனால் வரும் மற்றொரு பயன். மொறிஸ் மைனரில் நிரப்பு துளையை வண்டியின் உள்ளிருந்தே அடையலாம். தரைவிரிப்பை உயர்த்தி, கியர்ப்பெட்டியின் பக்கத்தே உள்ள இறப்பர் அடைப்பை அகற்றினால் அது புலப்படும்.

நான்காவதாக, எண்ணெய் முற்றாக வடியவிடுதல். ஒழுக்கு சொட்டாகி, சொட்டும் அருகும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். பின்னர் மூடியையும் அதன் இருப்பிடத்தையும் துடைத்து, புதிய வாசரிட்டு மூடுதல். செம்பு அல்லது அலுமினிய வாசர்கள் ஒருமுறை நசுங்கியே ஒழுக்கை அடைக்கின்றன. பழையதை மீண்டும் இடின் அது மறுபடி நசுங்காது. கூம்பான புரியுடைய மூடிகளுக்கு வாசர் இல்லை. பிற்கால வண்டிகளின் கியர்ப்பெட்டி பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அதன் புரிகள் மென்மையானவை. சாதாரண நீளமுள்ள ஸ்பானரால் உறுதியாக இறுக்குதல் போதும். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி முழுப்பலத்தோடு இறுக்குபவர் புரியை அழிப்பார்.

ஐந்தாவதாக, நிரப்புதல். புனலை உயரத்தே பிடித்து இறப்பர்க் குழாயின் வழியே எண்ணெயை மெதுவாக விடுதல் வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் நிரப்பு துளையே மட்டத்தைக் காட்டும் துளையும் ஆகும். துளையின் கீழ்விளிம்பை எட்டி எண்ணெய் வழியத் தொடங்கும்போது அளவு நிறைந்தது. வழிவது நிற்கும்வரை காத்திருந்து மூடுதல் வேண்டும். கூடுதலாக இருப்பது நன்று எனக் கருதி வண்டியைச் சரித்து மேலும் ஊற்றுதல் தவறு. மிகையான எண்ணெயைப் பற்சில்லுகள் கடைந்து நுரைக்கச் செய்யும். நுரை காற்றாதலின் பற்களைக் காக்காது. வெப்பமும் அமுக்கமும் கூடிச் சீல்களினூடாக எண்ணெய் கசியும். கிளச்சுத் தட்டில் அது படியுமாயின் வேறொரு செலவும் நேரும்.

இறுதியாக, சிறிது தூரம் ஓட்டி எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்த்து, மூடிகளின் கீழ் ஈரம் தெரிகின்றதா எனச் சோதித்தல் வேண்டும். மாற்றிய திகதியையும் கிலோமீற்றர் எண்ணையும் எண்ணெயின் வகையையும் எழுதி வண்டியில் வைத்தல் நன்று. அடுத்து அவ்வண்டியைத் தொடுபவருக்கு அக்குறிப்பே கைநூலாகும்.

7. வடிந்த எண்ணெய் கூறும் செய்தி

வடித்த எண்ணெயை உடனே அப்புறப்படுத்தாது வெளிச்சத்தில் நோக்குதல் வேண்டும். பல வண்டிகளின் வடிமூடியிற் காந்தம் ஒன்று உண்டு. அதில் ஒட்டியிருக்கும் மென்மையான சாம்பல்நிறப் பசை, பற்கள் இயல்பாகத் தேய்ந்ததன் விளைவு, அஞ்சத்தக்கதன்று. விரல்களிடையே உரைசும் உருக்குத் துணுக்குகளோ உடைந்த பல்லின் பகுதியோ காணப்படின் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள்கள் எண்ணெயில் மிதந்து மின்னுமாயின், தேய்வது பித்தளை வளையங்கள் என அறியலாம். பொருந்தாத எண்ணெய் இடப்பட்டிருந்ததா என்று வினவவேண்டிய இடம் அதுவாகும். பால்போல வெளிறிய எண்ணெய் நீர் கலந்தமையைக் காட்டும். அத்தகைய பெட்டியைப் புதிய எண்ணெயிட்டுச் சிறிது ஓட்டி மீண்டும் ஒருமுறை வடித்தல் தகும்.

இவ்வகைச் சோதனை கராச்சில் எண்ணெய் மாற்றப்படும்போது உரிமையாளரின் கண்ணுக்கு எட்டுவதில்லை. வீட்டிற் செய்வதன் பயன் கூலி மிச்சம் மட்டுமன்று. பொறியின் உள்நிலையை நேராக அறிதலும் ஆகும்.

8. கழிவெண்ணெயும் கிணற்று நீரும்

புதிய எண்ணெய் உள்ளே சென்றதும் வேலை முடிந்தது எனப் பலர் கருதுகின்றனர். பாத்திரத்தில் உள்ள பழைய எண்ணெய் வேலியோரத்தில் ஊற்றப்படுகின்றது. அல்லது கறையானைத் தடுக்கவெனக் கதியால்களுக்கும் தீராந்திகளுக்கும் பூசப்படுகின்றது. இங்கு நாம் ஒரு கணம் நின்று சிந்தித்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மயோசீன் காலச் சுண்ணாம்புக் கல்லினூடாக இறங்கித் தேங்கும் மழைநீரே அங்கு கிணறுகளை ஊட்டுகின்றது. இந்நன்னீர் உவர்நீரின்மீது வில்லைபோல மிதந்து நிற்கின்றது. சுண்ணாம்புக் கல்லில் வெடிப்புகளும் துவாரங்களும் மலிந்திருத்தலால் மேற்பரப்பில் ஊற்றப்படுவது மண்ணால் வடிகட்டப்படாமலே நீரைச் சென்றடையக்கூடும். சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளிற் பெரும் மக்கட் பிரச்சினையாக வெடித்தது. 2019ஆம் ஆண்டு ஏப்பிரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கென இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு மின்னுற்பத்தி நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது.

பெரிய நிறுவனமொன்றின் கழிவையும் ஒரு வீட்டின் இரண்டு லீற்றர் எண்ணெயையும் ஒரே தராசில் வைப்பது நீதியாகாது. பொறுப்பின் பெரும்பங்கு எவரிடத்து உள்ளது என்பதில் ஐயமில்லை. எனினும் நிலத்தடி நீர் எவருடைய தனிச் சொத்தும் அன்று. ஒரு வளவில் ஊற்றப்பட்டது அடுத்த வளவின் துலாவில் வந்து சேரும். பழைய எண்ணெயை மூடியுள்ள கலனில் அடைத்து, நீரோ பெற்றோலோ கலவாது, கழிவெண்ணெய் சேகரிக்கும் கராச்சிடமோ எரிபொருள் நிலையத்திடமோ ஒப்படைத்தல் வேண்டும். சேகரிப்பு வசதி இல்லாத ஊர்களில் அதனை ஏற்படுத்துமாறு பிரதேச சபைகளைக் கோருவது வண்டியுடையோரின் கடமையும் உரிமையுமாகும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றுள் எதுவும் பொறியியலாளருக்குப் புதிதன்று. அனுபவமிக்க கராச்சுத் தொழிலாளிக்கும் புதிதன்று. ஆயின் இவ்விருவருக்குமிடையே உள்ள இடைவெளி கவனிக்கத்தக்கது. 1950கள் முதல் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகள் வாயிலாகப் பாகுநிலை, உராய்வுக் குணகம், முறுக்கம் போன்ற சொற்கள் தமிழ்மொழிமூலப் பாடநூல்களில் நிலைபெற்றன. உயர்தர வகுப்பு மாணவன் பாகுநிலையை வரைவிலக்கணத்தோடு எழுதுவான். ஆனால் எண்ணெய்க் கலனின்மேல் உள்ள 90 என்ற எண்ணுக்குப் பொருள் கூற அறியான். கராச்சில் வேலைபழகும் அவன் வயதினனான இளைஞன் எண்ணெயை விரல்களிடையே தேய்த்து அதன் தடிப்பை மதிப்பிடுவான்; ஜீ.எல்.5 பித்தளையைத் தாக்குவது ஏன் என்பதை அவனுக்குக் கூறுவார் இல்லை. ஒருவனிடம் சொல்லும் மற்றவனிடம் பொருளும் பிரிந்து கிடக்கின்றன. மூளையுழைப்பையும் கையுழைப்பையும் வேறாக்கிய சமூக அமைப்பு அறிவையும் இவ்வாறு இருகூறாக்கியுள்ளது.

இதனோடு இன்னொரு தடையும் சேர்கின்றது. யப்பானில் ஓடிய பின்னர் நமது நாட்டுக்கு இறக்குமதியான கார்கள் பலவற்றின் கைநூல்கள் யப்பானிய மொழியில் உள்ளன; ஏனையவற்றின் கைநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. எந்தப் பெட்டிக்கு எந்த எண்ணெய் என்ற இன்றியமையாத செய்தி, அவ்வண்டியைப் பேணும் தொழிலாளிக்கும் ஓட்டும் சாரதிக்கும் எட்டாத மொழியிற் பூட்டிவைக்கப்பட்டிருக்கின்றது. பூட்டப்பட்ட இடத்தை விளம்பரமும் ஊகமும் நிரப்புகின்றன. விலைகூடியது நல்லது, எண் பெரியது நல்லது என்ற நம்பிக்கைகள் அங்கிருந்தே பிறக்கின்றன.

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மொழியின் பழைமையை ஆராய்வது போலவே, மொழியின் இன்றைய தொழிற்பாட்டையும் தமது ஆய்வுப்பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். நமது நாட்டில் ஓடும் வண்டிகளுக்குரிய எண்ணெய் வகை, அளவு, மாற்றும் கால எல்லை ஆகியவற்றைத் தொகுத்து, கராச்சுச் சுவரில் ஒட்டத்தக்க ஒரு தமிழ் அட்டவணையாக வெளியிடுவது பெருஞ்செலவு வேண்டாத பணி. பொறியியற் பீட மாணவர்களும் தொழிலாளர்களும் கூடியிருந்து அதனை ஆக்குவார்களாயின், பாகுநிலை என்ற சொல்லும் தடிப்பு என்ற சொல்லும் ஒரே தாளிற் சந்திக்கும். அத்தகைய அட்டவணை ஒன்று தொங்கும் கராச்சில், உரிய எண்ணெய் எது என்ற வினாவுக்கு விளம்பரத்தையும் ஊகத்தையும் நாடவேண்டிய தேவை எவர்க்கும் இராது.